குறைமாதக் குழந்தைகளுக்கான பிசியோதெரபி, குறை தெரிந்த பிறகு தொடங்குவதாக இருக்கக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுநூறு, எழுநூறு கிராம் எடையில் பிறந்த குழந்தை பல வாரத் தீவிர சிகிச்சைக்குப் பின் பெற்றோருடன் வீடு திரும்பியது என்ற செய்தியை நாளிதழ்களில் அவ்வப்போது படிக்கிறோம். மருத்துவர்களும் செவிலியர்களும் இரவு பகல் பாராமல் உழைத்துக் காத்த உயிர் அது; அந்த மகிழ்ச்சி முற்றிலும் நியாயமானது. ஆனால் இத்தகைய செய்திகள் பெரும்பாலும் மருத்துவமனை வாசலோடு முடிந்துவிடுகின்றன. அந்தக் குழந்தைக்குக் கழுத்து எப்போது நின்றது, எப்போது குப்புறக் கவிழ்ந்தது, இரண்டு கைகளையும் ஒன்றுபோல நீட்டிப் பொம்மையை வாங்கியதா என்பதைப் பற்றி எதுவும் எழுதப்படுவதில்லை. பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணிபுரியும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில், அப்படி விடுபட்டுப்போகும் பகுதியைப் பற்றி உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. அதாவது, பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஒன்று. இவர்களில் பெரும்பாலோர் 32 வாரங்களுக்குப் பிறகு பிறந்தவர்கள். பெரிய சிக்கல்கள் இன்றி வளர்ந்துவிடக் கூடியவர்கள். 32 வாரங்களுக்கு முன், அதிலும் 28 வாரங்களுக்கு முன் பிறந்தவர்களுக்கே ஆபத்து கூடுதல். இந்தக் குழந்தைகளுக்கு பிசியோதெரபி தேவை என்று சொன்னால், பலரும் முதலில் கேட்கும் கேள்வி, "எலும்பு முறிந்தவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் கொடுக்கும் சிகிச்சை, உள்ளங்கையில் அடங்கும் குழந்தைக்கு எதற்கு?" என்பதுதான். நியாயமான கேள்வி. அதற்குரிய பதில் கருப்பையின் கடைசி மூன்று மாதங்களில் இருக்கிறது.

அந்த மூன்று மாதங்களில் குழந்தை வளர வளர, கருப்பையில் இடம் குறைந்துகொண்டே வருகிறது. குழந்தை முழங்காலை வயிற்றோடு சேர்த்து, கைகளை மார்பின்மேல் மடக்கி, தாடையை நெஞ்சில் தாழ்த்திச் சுருண்டு கிடக்கிறது. உதைத்தால் கருப்பைச் சுவர் தடுக்கிறது. தடுக்கப்பட்ட கால் மீண்டும் மடங்குகிறது. நாளெல்லாம் நடக்கும் இந்த உதையும் மடக்கமும்தான் தசைகளுக்கு வலுவையும், மூட்டுகளுக்கு உருவத்தையும், தன் உடல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற உணர்வையும் தருகின்றன. நிறைமாதக் குழந்தை பிறந்தவுடன் கைகால்களை மடக்கியே வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 27ஆம் வாரத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. தசைகள் தளர்ந்திருக்கும் நிலையில், தாங்கிக்கொள்ள நீரும் இல்லாமல், தடுக்கச் சுவரும் இல்லாமல், புவியீர்ப்பின் முழு இழுப்புக்கும் அந்த உடல் ஆளாகிறது. கால்கள் தவளையைப் போல இருபுறமும் விரிந்து படுக்கையில் தட்டையாகப் படிகின்றன. தோள்கள் பின்னோக்கி இழுபடுகின்றன. கைகள் தலையின் இரு பக்கமும் விழுந்து கிடக்கின்றன. தலை ஒரு பக்கமாகவே சாய்ந்திருப்பதால் மண்டையோடு பக்கவாட்டில் தட்டையாகி நீண்டுவிடுகிறது. வாரக்கணக்கில் இப்படியே விட்டுவிட்டால், அந்தக் கிடப்பே உடலின் பழக்கமாகிவிடும். பின்னாளில் கைகளை நடுவே கொண்டுவந்து சேர்ப்பதும், குப்புறக் கிடந்து தலை தூக்குவதும், உட்காருவதும் அந்தக் குழந்தைக்குக் கடினமாகின்றன.

ஆகவே பச்சிளங்குழந்தைப் பிரிவில் பிசியோதெரபிஸ்டின் முதல் வேலை உடற்பயிற்சி கொடுப்பது அன்று, படுக்க வைப்பது. மென்மையான துணியைச் சுருட்டிக் குழந்தையைச் சுற்றிக் கூடுபோல அணைகட்டி, கால் உதைக்கும்போது பாதம் எதன்மீதாவது ஊன்றும்படி எல்லை அமைத்து, கைகள் வாயருகே வரும்படி தோளுக்குப் பின்னால் தாங்கல் கொடுத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுகிறோம். பக்கவாட்டில் படுக்கவைத்தால் கைகள் நடுவே சேர்கின்றன. குப்புறப் படுக்கவைத்தால் பல குழந்தைகளுக்கு மூச்சு சீராகி இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மேம்படுகிறது. இது இதயத்துடிப்பையும் ஆக்சிஜனையும் இயந்திரம் நொடிதோறும் கண்காணிக்கும் இடத்தில் மட்டுமே செய்யத்தக்கது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மிகச் சீக்கிரம் பிறந்த குழந்தைகளின் மூளைக்குள் இருக்கும் மெல்லிய இரத்தக் குழாய்கள் முதல் மூன்று நாட்களில்தான் பெரும்பாலும் கசிகின்றன என்பதால், அந்த நாட்களில் பல பிரிவுகளில் தலையை நடுக்கோட்டில் வைத்து, குழந்தையைத் தொடுவதையே குறைத்துவிடுகிறார்கள். அப்போது பிசியோதெரபிஸ்ட் செய்யக்கூடியது, அணை சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது மட்டுமே. அதுவும் வேலைதான்.

இந்தக் குழந்தைகளுக்கு அழக்கூட வலுவில்லை, உடலால் பேசுகிறார்கள். விரல்கள் விசிறிபோல விரிந்து விறைப்பது, முதுகு பின்னால் வளைவது, விக்கல், தொடர்ந்த கொட்டாவி, தோலின் நிறம் திட்டுத் திட்டாக மாறுவது, மூச்சு ஒரு கணம் நிற்பது ஆகிய எல்லாமே "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்வதற்குச் சமம். கையை வாய்க்குக் கொண்டுபோவதும், எதையாவது பற்றிக்கொள்வதும், பாதத்தை ஊன்றிக்கொள்வதும் அவர்கள் தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளும் முயற்சிகள். அமெரிக்க உளவியலாளர் ஹைடெலிஸ் ஆல்ஸ் 1980களில் இந்த நடத்தைகளை ஒழுங்காக வகைப்படுத்தி, குழந்தையின் குறிப்பறிந்து பராமரிக்கும் முறை ஒன்றை உருவாக்கினார். இன்று உலகின் பல பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் விளக்கொளி தணிக்கப்படுவதற்கும், சத்தம் குறைக்கப்படுவதற்கும், சிகிச்சைகளை ஒன்றுசேர்த்துச் செய்து குழந்தையைத் தூங்கவிடுவதற்கும் அவரது பணி முக்கியமான காரணம். குதிகாலில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும் நேரத்தில், தாயோ தந்தையோ தம் கைகளால் குழந்தையின் தலையையும் மடக்கிய கால்களையும் அசையாமல் அணைத்துப் பிடித்திருந்தால் அதன் வலி குறைகிறது என்பது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. எந்தக் கருவியும் வேண்டாத இந்தப் பிடியைப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்கச் சில நிமிடங்களே போதும். கற்றுக்கொண்ட தாய்க்கு, அதுவரை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த தன் குழந்தையிடம் தனக்கென்று ஒரு வேலை கிடைத்துவிடுகிறது.

செய்யாமல் இருக்கத் தெரிந்திருப்பது இந்தத் துறையில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வரலாற்றில் கசப்பான பாடம் ஒன்று உண்டு. ஒருகாலத்தில் வென்டிலேட்டரில் இருந்த குறைமாதக் குழந்தைகளின் சளியை அகற்ற, மார்பின்மேல் தட்டிக்கொடுக்கும் சிகிச்சை பல இடங்களில் வழக்கமாகச் செய்யப்பட்டது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 1990களின் தொடக்கத்தில், மிகச் சீக்கிரம் பிறந்த சில குழந்தைகளின் மூளையில் அதுவரை அதிகம் காணப்படாத ஒரு வகைச் சேதம் தென்பட்டது. அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகமுறை மார்புத் தட்டல் பெற்றிருந்தனர் என்பதையும், அதற்கும் மூளைச் சேதத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதையும் அங்குள்ள மருத்துவர்களே 1998இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். தட்டும்போது தாங்கலின்றி ஆடிய தலை காரணமாக இருந்திருக்கலாம் என்று அஞ்சப்பட்டது. அதன்பின் அந்தச் சிகிச்சையை எல்லாக் குழந்தைகளுக்கும் வழக்கமாகச் செய்யும் போக்கு வெகுவாகக் குறைந்தது. இன்றும் சில குழந்தைகளுக்கு நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கிவிடும்போது மார்புக்கான சிகிச்சை தேவைப்படலாம். அப்போதும் யாருக்கு, எப்போது, எந்த அளவுக்கு என்பதைக் குழந்தை மருத்துவரும் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். ஆக்லாந்தில் நடந்ததை மறைக்காமல் எழுதிவைத்த அந்த மருத்துவர்களுக்கு உலகெங்கும் உள்ள குறைமாதக் குழந்தைகள் கடன்பட்டிருக்கிறார்கள்.

எலும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தையின் எலும்பில் சேர வேண்டிய கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவற்றில் சுமார் 80 விழுக்காடு கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து வந்து சேர்கிறது. அதற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தையின் எலும்பு மென்மையாகவே இருக்கும். கவனமின்றித் தூக்கினாலே விலா எலும்பில் விரிசல் விழக்கூடும். மூட்டுகளை மெதுவாக மடக்கி நீட்டி, இலேசாக அழுத்தம் கொடுக்கும் அன்றாடப் பயிற்சி குறுகிய காலத்துக்கு எலும்பில் தாதுக்கள் சேர உதவலாம் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் வழக்கமாகச் செய்யலாம் என்று சொல்லும் அளவுக்கு அந்த ஆதாரம் வலுவானது அன்று. ஆகவே கைப்பேசியில் யாரோ காட்டும் குழந்தைப் பயிற்சிகளைப் பார்த்து, வீட்டில் கைகால்களை இழுத்து நீட்ட வேண்டாம் என்று பெற்றோரை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இறுக்கமாக இருக்கும் தசையை வலிந்து இழுத்தால் அது மேலும் இறுகும். குழந்தைக்குத் தொடுதல் என்றாலே அச்சம் வரும்.

இதற்கெல்லாம் மேலாக, பிசியோதெரபிஸ்டும் செவிலியரும் தாயும் ஒரே குரலில் வலியுறுத்த வேண்டிய ஒன்று கங்காரு பராமரிப்பு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாமல் ஒன்றில் பல குழந்தைகளை வைக்க நேர்ந்த சூழலில், எட்கர் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர், நிலைப்பட்ட குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். வறுமைக்குக் கண்டுபிடித்த மாற்று என்று சிலர் அதைக் குறைத்து மதிப்பிட்டார்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்து 2021இல் வெளியான ஆய்வு, குழந்தை முழுவதும் நிலைப்படும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே கங்காரு பராமரிப்பைத் தொடங்கியபோது, முதல் 28 நாட்களில் ஏற்படும் இறப்பு 25 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. 2022இல் அந்நிறுவனம் வெளியிட்ட பரிந்துரைகளில், குறைமாதக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம், இயன்றவரை தொடர்ச்சியாக இதைச் செய்ய வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. தானாக மூச்சுவிட முடியாதவர்களுக்கும் இரத்த ஓட்டம் குன்றிய அதிர்ச்சி நிலையில் உள்ளவர்களுக்கும் உடனடியாகத் தொடங்குவது பொருந்தாது. மற்றவர்களுக்குத் தள்ளிப்போடக் காரணம் இல்லை. என் துறையின் கண்ணோடு பார்த்தால், தாயின் மார்பில் ஒட்டிக்கிடக்கும் குழந்தையின் இடுப்பும் முழங்காலும் மடங்கியிருக்கின்றன, கைகள் முன்னால் இருக்கின்றன, தாயின் மூச்சோடு சேர்ந்து அதன் உடல் ஏறி இறங்குகிறது. நாங்கள் துணிச்சுருளால் உருவாக்க முயலும் நிலையை ஒரு தாயோ தந்தையோ எங்களைவிட நன்றாகத் தந்துவிடுகிறார்கள். குழாய்களும் ஒயர்களும் இழுபடாமல் குழந்தையை மார்புக்கு மாற்றுவது எப்படி, கழுத்து முன்னே மடிந்து மூச்சடைக்காமல் தலையை எப்படிச் சாய்த்து வைப்பது என்பதைக் கற்றுத்தருவதே எங்கள் பங்கு.

பால் குடிப்பதும் தசைகளின் வேலைதான். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து வருவதற்குப் பொதுவாக 34 வாரங்கள் ஆகின்றன. அதுவரை குழாய் வழியே பால் போகும்போது, பால் பீய்ச்சி எடுத்த மார்பையோ சூப்பானையோ சப்பவிட்டால், குழாயிலிருந்து வாய்க்கு மாறும் காலம் சுருங்குகிறது, மருத்துவமனையில் தங்கும் நாட்களும் குறைகின்றன. எங்கெல்லாம் பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர் இல்லையோ அங்கெல்லாம் இதையும் பிசியோதெரபிஸ்டும் செவிலியரும் சேர்ந்தே பார்த்துக்கொள்கிறார்கள்.

இனி, வீடு. இங்கேதான் இக்கடிதம் எழுத என்னைத் தூண்டிய விஷயம் வருகிறது.

வீடு செல்லும் நாளில் பெற்றோரின் கையில் மருந்துச் சீட்டும், தடுப்பூசி அட்டையும், கண்ணுக்கும் காதுக்குமான பரிசோதனைத் தேதிகளும் இருக்கும். அசைவைப் பரிசோதிக்கும் தேதி இருப்பதில்லை. அதற்குப் பதில் பலரும் சொல்லி அனுப்பும் ஆறுதல், "குறைமாதக் குழந்தைதானே, மெதுவாகத்தான் வளரும், தானாகச் சரியாகிவிடும்" என்பது. இந்த வாக்கியத்தில் பாதி உண்மை. இரண்டு வயதுவரை குறைமாதக் குழந்தையின் வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். மூன்று மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்தால், திருத்திய வயது மூன்று மாதமே. அது உட்காரவில்லையே என்று கவலைப்படுவது வீண். பெற்றோரின் பாதி அச்சத்தை இந்த ஒரு கணக்கு தீர்த்துவிடும். ஆனால் திருத்திய வயதுக்கும் பின்தங்கியிருக்கும் குழந்தையிடமும், வயதுக்கேற்ற செயல்களையே வேறு விதமாகச் செய்யும் குழந்தையிடமும், "தானாகச் சரியாகிவிடும்" என்று சொல்வது அதன் மிகச் சிறந்த மாதங்களைப் பறித்துக்கொள்வதாகும்.

முன்பெல்லாம் மூளை முடக்குவாதத்தை, அதாவது வளரும் மூளைக்கு ஏற்பட்ட சேதத்தால் உடல் அசைவு பாதிக்கப்படும் நிலையை, 12 முதல் 24 மாதங்களுக்குள்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று கருதப்பட்டது. இன்று நிலைமை அப்படி இல்லை. ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹைன்ஸ் பிரெக்டல் என்ற நரம்பியல் அறிஞர், பச்சிளங்குழந்தைகள் தாமாகவே செய்யும் அசைவுகளைப் பல ஆண்டுகள் கவனித்து ஒரு பரிசோதனை முறையை உருவாக்கினார். திருத்திய வயதில் ஏறத்தாழ மூன்று மாதம் முதல் ஐந்து மாதம்வரை, விழித்துக்கொண்டு அமைதியாகப் படுத்திருக்கும் குழந்தையின் கழுத்திலும் தோளிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் கணுக்காலிலும் சின்னஞ்சிறு சுழல் அசைவுகள் எல்லாத் திசைகளிலும் ஓடிக்கொண்டே இருக்கும். தெரியாதவர் கண்ணுக்கு அது வெறும் துறுதுறுப்பு. அந்த அசைவுகள் அறவே இல்லையென்றால் மூளை முடக்குவாதத்துக்கான வாய்ப்பு மிக அதிகம். குழந்தையைத் தொடவே வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைத்துச் சில நிமிடங்கள் காணொளி எடுத்து, பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்தால் போதும். 2017இல் வெளியான சர்வதேச நிபுணர் குழுவின் வழிகாட்டுதல், இந்தப் பரிசோதனை ஐந்து மாதத் திருத்திய வயதுக்கு முன்பே 98 விழுக்காடு நுண்ணுணர்வோடு, அதாவது பாதிப்புள்ள நூறு குழந்தைகளில் 98 பேரைத் தவறவிடாமல், ஆபத்தைக் காட்டுகிறது என்றும், இதனோடு குழந்தையின் தசை விறைப்பு, அசைவு போன்றவற்றுக்கு மதிப்பெண் இடும் ஹாமர்ஸ்மித் நரம்பியல் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. படமும் சேர்ந்தால் ஆறு மாதத்துக்கு முன்பே நோயைத் துல்லியமாகக் கண்டறியலாம் என்றும் சொல்கிறது. விலை உயர்ந்த இயந்திரம் இல்லாத சிறிய மருத்துவமனையிலும், ஒரு கைப்பேசியும் பயிற்சி பெற்ற ஒரு ஜோடிக் கண்களும் இருந்தால் இதைச் செய்யலாம். இவ்வளவு எளிய பரிசோதனை எல்லாக் குழந்தைகளையும் எட்டவில்லை என்பதை ஏற்றுக்கொள்ள என் மனம் மறுக்கிறது.

ஏன் அவ்வளவு அவசரம்? முதல் மாதங்களில் மூளை தன் இணைப்புகளை, எந்தப் பாதை பயன்படுகிறது என்பதைப் பார்த்தே உறுதிப்படுத்துகிறது. பயன்படாத பாதை மெலிந்துபோகிறது. ஒரு கையைப் பயன்படுத்தாமலே ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு, பின்னர் அந்தக் கையைப் பழக்குவது பன்மடங்கு கடினம். அதனால்தான் குழந்தை தானே முயன்று, எட்டி, உருண்டு, தவறி, மறுபடி முயலும்படியான விளையாட்டை நாங்கள் கேட்கிறோம். சிகிச்சையாளர் குழந்தையின் கைகாலை அசைத்துக் காட்டுவதால் கற்றல் நிகழ்வதில்லை. குழந்தை தானாக அசைக்க வேண்டும். வாரம் ஒருமுறை எங்களிடம் வரும் அரைமணி நேரம், வீட்டில் உடை மாற்றும்போதும் குளிப்பாட்டும்போதும் தூக்கும்போதும் என்ன நடக்கிறது என்பதற்கு ஈடாகாது. பெற்றோரையே சிகிச்சையாளராக்குவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் நடப்பவற்றில் இரண்டைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். "நான்கு மாதத்திலேயே காலை ஊன்றி விறைப்பாக நிற்கிறான், டாக்டர்!" என்று பெருமையோடு அழைத்துவரும் குடும்பங்களை அடிக்கடி சந்திக்கிறேன். அந்த மகிழ்ச்சியைக் கலைக்க மனம் வராது. ஆனால் முட்டியை மடக்கத் தெரியாமல், நுனிக்காலில் குத்திட்டு நிற்கும் அந்த நிலை பெரும்பாலும் வலுவின் அடையாளம் அன்று. முதுகுப்பக்கத் தசைகள் ஓங்கி, வயிற்றுப்பக்கத் தசைகள் பின்தங்கியிருப்பதன் அடையாளம். குறைமாதக் குழந்தைகள் பலரிடம் முதல் ஆண்டில் இது தோன்றித் தானாக மறையும், சிலரிடம் மறையாது. எதுவாயினும் அந்தக் குழந்தையை நிற்கவைத்து விளையாட்டுக் காட்டுவதை நிறுத்தி, தரையில் குப்புறவும் பக்கவாட்டிலும் கிடத்தி விளையாட வைக்க வேண்டும். சக்கரம் வைத்த நடைவண்டிக்குள் உட்காரவைத்துத் தள்ளிவிடும் பழக்கத்தையும் அடியோடு கைவிட வேண்டும். அது நடையைக் கற்றுத்தருவதில்லை, நுனிக்கால் விறைப்பைக் கூட்டுகிறது, விழுந்து தலையில் அடிபடவும் காரணமாகிறது. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.

மற்றொன்று தூக்கம். மருத்துவமனையில் குப்புறப் படுத்துப் பழகிய குழந்தை என்பதால் வீட்டிலும் அப்படியே தூங்கவைக்கும் பெற்றோர் உண்டு. இது ஆபத்து. தூக்கத்தில் ஏற்படும் திடீர் மரணம் குறைமாதக் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. வீட்டில் கண்காணிக்கும் இயந்திரமும் இல்லை. ஆகவே வீடு செல்வதற்குப் போதிய நாட்கள் முன்பே மருத்துவமனையில் மல்லாக்கத் தூங்கப் பழக்கி, துணிச்சுருள்களையும் அகற்றிவிட்டு அனுப்ப வேண்டும். குப்புறக் கிடத்துவது விழித்திருக்கும்போது மட்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். தொடக்கத்தில் ஓரிரு நிமிடங்களே குழந்தை தாங்கும். தாய் சாய்ந்து படுத்துத் தன் மார்பின்மேல் கிடத்திக்கொண்டால், முகத்தைப் பார்ப்பதற்காகவே அது தலையைத் தூக்கும்.

பெற்றோர் எப்போது தாமதிக்காமல் வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் திருத்திய வயதுக் கணக்கில்: நான்கு மாதம் கடந்தும் கழுத்து நிற்காமலோ, கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கைவிரல்களை இறுக மூடிக்கொண்டோ இருந்தாலும், ஒன்பது மாதத்தில் பிடிமானமின்றி உட்காராவிட்டாலும், ஒரு வயதுக்குள்ளாகவே ஒரு கையை மட்டும் விரும்பிப் பயன்படுத்தினாலும், டயாபர் மாற்றும்போது கால்கள் விரிய மறுத்து விறைத்தாலும் காத்திருக்கக் கூடாது. "இவன் இடது கைக்காரன் போலிருக்கிறது" என்று எட்டு மாதத்தில் சிரித்துவிட்டுப் போகும் உறவினர்களும் இதை நினைவில் கொள்ளட்டும். அந்த வயதில் எந்தக் குழந்தையும் காரணமின்றி ஒரு கையை ஒதுக்குவதில்லை.

பிசியோதெரபியால் எல்லாம் முடியும் என்று நான் சொல்லவில்லை. மூளையில் ஏற்கெனவே ஏற்பட்ட பெரிய சேதத்தை எந்தப் பயிற்சியும் அழித்துவிடாது. குறைமாதக் குழந்தைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சித் திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தவர்கள், அசைவுத் திறனில் சிறிய நன்மையும், அறிவு வளர்ச்சியில் பள்ளி செல்லும் வயதுக்கு முன்பு வரை நீடிக்கும் நன்மையும் இருப்பதாகவே கண்டிருக்கிறார்கள். இதை அப்படியே பெற்றோரிடம் சொல்ல வேண்டும். இத்தனை அமர்வில் நடக்கவைத்துக் காட்டுகிறோம், முழுமையாகக் குணமாக்குகிறோம் என்று உறுதி கூறிப் பணம் வாங்குபவர்களிடம், கடன்பட்டும் நகை விற்றும் சென்று நிற்கும் பெற்றோரைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. நேர்மையான சிகிச்சையாளர் முதல் நாளே இலக்கு என்ன என்று கேட்பார்: தானாக உட்கார்ந்து சாப்பிடுவதா, இரண்டு கைகளால் விளையாடுவதா, வலியின்றி இருப்பதா? அந்த இலக்கை நோக்கி வீட்டில் என்ன செய்யலாம் என்று எழுதித்தருவார். இடுப்பு மூட்டு நழுவுகிறதா என்று குறித்த காலத்தில் படம் எடுத்துப் பார்க்கச் சொல்வார். தேவையில்லாத குழந்தையைப் பார்த்து, "இனி வர வேண்டாம், நன்றாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பவும் தயங்கமாட்டார். பெரும்பாலான குறைமாதக் குழந்தைகள் அந்த வார்த்தையைக் கேட்கக் கூடியவர்கள்தாம்.

அவர்களிலும் சிலர் பள்ளிப் பருவத்தில் பொத்தான் போடுவதிலும், பந்து பிடிப்பதிலும், எழுதுவதிலும் தடுமாறுகிறார்கள். மிகவும் முன்னதாகப் பிறந்தவர்களிடம் இந்த ஒருங்கிணைப்புக் குறைபாடு மற்றக் குழந்தைகளைவிட அதிகம். சோம்பேறி, கவனமில்லாதவன் என்று வகுப்பில் பெயரெடுத்த பிள்ளை, 29ஆம் வாரத்தில் பிறந்தவனா என்று ஆசிரியர் யாரும் கேட்பதில்லை. பள்ளியில் சேர்க்கும்போது பெற்றோரே அதைச் சொல்லிவைப்பது நல்லது.

மருத்துவமனை நிர்வாகங்களிடமும் சுகாதாரத் துறையினரிடமும் நான் கேட்பவை பெரிய செலவு வைக்கும் கோரிக்கைகள் அல்ல. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும், இந்தக் குழந்தைகளைக் கையாளத் தனிப்பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவராவது அந்தப் பிரிவின் நிரந்தர உறுப்பினராக இருக்க வேண்டும். எலும்பு முறிவுப் பிரிவிலிருந்து அழைத்தால் வந்துபோகும் ஒருவராக அல்ல. வீடு செல்லும் சீட்டில் பிரசவத்துக்குக் குறித்த தேதியையும், திருத்திய வயதில் மூன்றாம் மாதம் நிறையும் நாளையும் பெரிய எழுத்தில் எழுதி, அன்று அசைவுப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று குறிப்பிட வேண்டும். தொலைவிலிருந்து வருபவர்களுக்கு, வீட்டிலேயே காணொளி எடுத்து அனுப்பும் வசதி வேண்டும். அந்த நாளில் வராத குடும்பத்தை அழைத்து விசாரிக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். வராதவர்களில்தான் அதிக உதவி தேவைப்படுபவர்கள் இருப்பார்கள். பல வாரங்கள் மருத்துவமனை நாற்காலியில் தூங்கிய தாய், வீடு வந்தபின் மனச்சோர்வில் மூழ்கியிருக்கக் கூடும். அவரைக் குற்றம் சொல்லாமல் கேட்டறிய வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டுதோறும் நவம்பர் 17ஆம் நாள் உலகக் குறைமாதக் குழந்தைகள் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று, பிழைத்த குழந்தையின் எடையை வெளியிடும் உங்கள் நாளிதழ், திருத்திய வயதைக் கணக்கிடும் முறையையும், மூன்றாம் மாத அசைவுப் பரிசோதனையையும், உடனே வர வேண்டிய அறிகுறிகளையும் அதே பக்கத்தில் ஒரு கட்டத்தில் அச்சிட்டு உதவ வேண்டும். கத்தரித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் அளவில் இருந்தால் இன்னும் நன்று.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணிபுரியும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர்